பேர் எழுதுவது யார்? – பூனா ஒப்பந்தத்தை அரூரிலிருந்து படித்தல்

பூனா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசாத தலித் மேடை இல்லை. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? நானும் வெகுநாள் படிக்காமல்தான் பேசிக்கொண்டிருந்தேன். 'காந்தி பட்டினி கிடந்து நம் உரிமையைப் பறித்தார்' என்று முழங்குவோம், கைதட்டல் விழும், டீயைக் குடிச்சிட்டுக் கலைஞ்சிடுவோம். ஒன்பதே பிரிவுகள். இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். கதையையும் கவிதையையும் வரி வரியாகப் பிரித்து விமர்சனம் எழுதுகிற நாம், நம் தலைவிதியை எழுதிய இந்தப் பிரதியை அப்படிப் படித்ததில்லை. அந்த வேலையைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன். உட்கார்ந்து படிக்கிற இடம் தர்மபுரி மாவட்டம், அரூர். மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி அது ஒன்றுதான்.

முதலில் ஒரு சம்பவம். ஆள் பேர், கட்சி, ஆண்டு எதுவும் வேண்டாம். இது ஆளைப் பற்றிய விமர்சனம் இல்லை. ஒரு தேர்தல் சமயம். தனித்தொகுதி என்பதால் நிற்கிறவர் எல்லாருமே நம்ம ஜனம். அதில் ஒருவர் பகல் பூராவும் ஊருக்குள் கும்பிட்டுவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காலனிக்கு வந்தார். எங்களுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர் கொல்லையில் இறங்கித்தான் போக வேண்டும். பயிர் நின்றால் சண்டை. அதைக் கேட்டோம். அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நம்ம ஜனத்து ஓட்டு எப்படியும் ரெண்டா மூணாப் பிரியும். ஊரு ஓட்டுலதான் ஜெயிக்கணும். இந்தப் பாதை சமாச்சாரத்த இப்ப நான் வாயத் தொறந்து பேசினா அவ்ளோதான், தீர்ந்தேன்." அவர் பொய் சொல்லவில்லை. கெட்டவரும் இல்லை. அவர் போன பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "நம்ம ஆளுதான், இல்லேங்கல. ஆனா நாமளா இவர நிக்கச் சொன்னோம்?"

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒப்பந்தத்தைத் திறந்தேன்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடியதன் விளைவு அது. அதில் நமக்கு இரண்டு வாக்கு. நம் பிரதிநிதியை நாம் மட்டுமே தேர்ந்தெடுக்க ஒன்று. பொதுத் தொகுதியில் சாதி இந்துக்களோடு சேர்ந்து போட ஒன்று. தனி வாக்காளர் தொகுதி என்றால் ஊரைவிட்டுத் தனியாகப் பிரிந்து போவது என்று இன்றுவரை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவது வாக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. பொது வேட்பாளரும் நம் தெருவுக்கு வந்து பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையை அந்த வாக்கு உண்டாக்கியிருக்கும். செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. சென்னை மாகாணத்து நம் தலைவர்களில் சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்துப் போட்டார்கள்.

இனி பிரதிக்கு வருவோம். முதல் பிரிவு, இடங்களின் எண்ணிக்கை. எல்லா மாகாணங்களுக்கும் சேர்த்து 148, சென்னைக்கு 30. மக்டொனால்ட் தந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெரிய லாபம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால், கூடுதல் இடங்கள் எத்தனை வந்தாலும் அவை இரட்டை வாக்குக்கு ஈடாகாது என்று அம்பேத்கரே 1945-ல் காங்கிரசையும் காந்தியையும் விமர்சித்து எழுதிய நூலில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

யாரும் எடுத்துப் பேசாதது இரண்டாவது பிரிவு. தொகுதியில் பதிவான தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் கூடி, முதலில் ஓர் உட்தேர்தல் நடத்த வேண்டும். அதில் அதிக வாக்கு வாங்கிய நான்கு பேர்தான் வேட்பாளர்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லாச் சாதியாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். ஓட்டை இல்லாமலில்லை. நம்மிடம் முதலாவதாக வந்தவரைத் தள்ளிவிட்டு, நாலாவதாக வந்தவரை ஊர் தூக்கிவிடலாம். நாலு பேருக்கு மேல் நிற்காத இடத்தில் உட்தேர்தலே நடக்கவில்லை. ஆனாலும் ஒரு கதவு நம் கையில் இருந்தது. நாம் அறியாத, நாம் சம்மதிக்காத ஒருவர் நம் பேரில் நிற்க முடியாது. பெரியம்மாவின் கேள்விக்கு அந்தப் பிரிவு பதில் வைத்திருந்தது.

இப்போது ஐந்தாவது பிரிவையும் ஆறாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட இடங்கள், இரு தரப்பும் பேசி வேறு முடிவு எடுக்கும்வரை நீடிக்கும். உட்தேர்தல் முறையோ பத்தாண்டில் முடிந்துவிடும். நாற்காலிக்கு நீண்ட ஆயுசு; நாற்காலியில் உட்காரப் பேர் எழுதும் உரிமைக்குப் பத்து வருஷம். நாம் இழந்தது பூனாவில் பாதி, இந்த ஐந்தாவது பிரிவில் மீதி. முதல் பாதிக்கு இன்னும் அழுகிறோம். மீதி போனது நமக்குத் தெரியவே இல்லை.

தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாண உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒதுக்கப்பட்ட இடத்தில் ஜெயித்ததாக அறிவிக்கப்பட வேண்டுமானால், பதிவான தாழ்த்தப்பட்டோர் வாக்குகளில் குறைந்தது 35 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார். பட்டேல் எதிர்த்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கூட்டுத் தொகுதி முறையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில், 1952-ல், வடக்கு பம்பாயில் அம்பேத்கரே தோற்றார். ஒதுக்கப்பட்ட அந்த இடத்தில் ஜெயித்தவர் காங்கிரஸ் நிறுத்திய கஜ்ரோல்கர். நம் தலைவனையே நாம் அனுப்ப முடியாத ஏற்பாட்டுக்குப் பேர் நம் பிரதிநிதித்துவம்! பத்தாண்டுக்கு என்று வைத்த இட ஒதுக்கீட்டைத் திருத்தம் மேல் திருத்தமாக நீட்டி, 2019-ல் 2030 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். நாற்காலியை நீட்டினார்கள். பேர் எழுதுவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

உட்தேர்தல் இருந்த இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள்? கட்சி. 'சீட்டு' அங்கேதான் கிடைக்கும். போகிறவர் சபையில் கொறடா சொன்ன பக்கம் வாக்களிக்காவிட்டால் 1985 கட்சித்தாவல் சட்டப்படி பதவி போகும். 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றையும் சூறையாடிக் கொளுத்தினார்கள். 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தும் நொறுங்கியும் கிடந்தன. அப்போதும் தமிழக சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 நம்முடையது. அந்த 44 பேரும் கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஒன்றாக எழுந்து நின்ற ஒரு காட்சி என் நினைவில் இல்லை. நிற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? அவர்களை அனுப்பியது நாம் இல்லையே.

இதையெல்லாம் எங்கள் படிப்பு வட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, அமெரிக்காவுல கறுப்பருங்களுக்குத் தனித்தொகுதி இருக்குதா?" நல்ல கேள்வி. நம்மைப்போல வேட்பாளரின் பிறப்பைப் பார்க்கும் தனித்தொகுதி அங்கே கிடையாது. ஆனால் பேர் எழுதுவது யார் என்ற சண்டை அங்கேயும் நடந்தது. டெக்சாசில் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று வைத்திருந்தார்கள். தெற்கு மாநிலங்களில் அந்தக் கட்சி வேட்பாளர் ஜெயிப்பது நிச்சயம் என்பதால், உட்தேர்தலே உண்மையான தேர்தல். 1944-ல் உச்சநீதிமன்றம் அதை உடைத்தது. அதே பத்தாண்டில் இங்கே என்ன நடந்தது? நமக்கென்று இருந்த உட்தேர்தல் காலாவதியானது.

1965-ல் அங்கே வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1982-ல் அதைத் திருத்திய பிறகு, கறுப்பர் பெரும்பான்மையாக இருக்கும்படி பல தொகுதிகள் வரையப்பட்டன. வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே வாக்காளர் அவர்கள். வேட்பாளர் யாராகவும் இருக்கலாம். இங்கே வேட்பாளர் நாம். ஜெயிக்க வைக்கும் வாக்கு வேறு யாருடையதோ. அரூரிலும் நாம் பெரும்பான்மை இல்லை.

அதற்காக அமெரிக்காவைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் தொகுதிக் கோட்டைச் சட்டமன்றமே போடுகிறது. 1957-ல் அலபாமா மாநிலம் டஸ்கீகி என்ற ஊரின் சதுரமான எல்லையை 28 பக்கம் கொண்ட கோணல் உருவமாக மாற்றியது. ஏறத்தாழ 400 கறுப்பு வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். ஒரு வெள்ளையர்கூட வெளியே போகவில்லை. 1960-ல் உச்சநீதிமன்றம் இது செல்லாது என்றது. ஊர் வேறு சேரி வேறு என்று கோடு போடும் வித்தையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2013-ல் அதே உச்சநீதிமன்றம், பாகுபாட்டுக்குப் பேர்போன மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செயலற்றதாக்கிவிட்டது. கொடுத்த உரிமையைக் கொடுத்தபடியே வைத்து அடியில் தோண்டிவிடலாம். இது இரண்டு தேசத்துக்கும் பொது.

'அப்படியானால் மறுபடி தனி வாக்காளர் தொகுதி கேள்' என்பார்கள் தோழர்கள். கேட்கலாம், கேட்க வேண்டும். குறைந்தபட்சம் நாகப்பாவின் 35 சதவீதத்தையாவது கேட்க வேண்டும். ஆனால் பேர் எழுதும் உரிமை கைக்கு வந்தால் நாம் யார் பேரை எழுதுவோம்? இதை எழுதாவிட்டால் இந்த விமர்சனம் அரைகுறை.

உள்ளாட்சியில் நடப்பதைப் பார்த்திருக்கிறோம். 1996-ல் தனி ஊராட்சிகள் வந்ததும், மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனையும் உடன் இருந்த தோழர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் 2006 வரை தலைவரே நிலைக்க முடியவில்லை. வெட்டு விழாத ஊர்களிலும், ஊர்ப் பெரியவர்கள் தங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவரை நிறுத்தி, ரப்பர் ஸ்டாம்பைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது உண்டு. இதைத் தடுக்க எங்கள் காலனியில் ஒரு தடவை முயன்றோம். மாரியம்மன் கோயில் முன்னால் கூடி, நம் வேட்பாளரை நாமே சீட்டு எழுதிப் போட்டுத் தேர்ந்தெடுப்போம் என்றோம். பூனாவின் இரண்டாவது பிரிவை எங்கள் தெருவில் நடத்திப் பார்க்கும் ஆசை.

ஆம்பளைங்க மட்டும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு ஒரு சீட்டு என்று நான்தான் சொன்னேன். தெருக்கோடியில் இருக்கும் அருந்ததியர் வீடுகளுக்குச் சொல்லி அனுப்பக்கூட இல்லை. பின்னால் நின்றிருந்த பெரியம்மா, திண்ணையில் அன்று கேட்ட அதே பெரியம்மா, சத்தமாகக் கேட்டாங்க: "வூட்டுக்கு ஒரு சீட்டுன்னா, அத எழுதறது யாருடா?" யாரும் பதில் சொல்லவில்லை. சண்டையாகி, சீட்டுப் போடாமலே கலைந்தோம். அந்தத் தேர்தலில் ஊர் சொன்ன ஆள்தான் ஜெயித்தார்.

செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பெண் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் கோயில் முன்னால் கூடிய கூட்டத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். கட்சி ஆபீசைக் கேட்கிற கேள்வியை நம் கோயில் வாசலிலும் கேட்க வேண்டும். இரண்டில் எதை விட்டாலும் ஐந்தாவது பிரிவைத் திரும்ப நாமே எழுதுகிறோம் என்று அர்த்தம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் மறுபடி கூடுவதாக இருக்கிறோம். இந்தத் தடவை ஆளுக்கு ஒரு சீட்டு. முதல் சீட்டைப் பெரியம்மா கையில் கொடுப்பதாகத் தீர்மானம். சுடுகாட்டுப் பாதை இன்னும் வரவில்லை.