பெயர்ச்சீட்டு சான்றாகுமா?

செஞ்சி வட்டாரத்தில் ஒருவர், "மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலுக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால் ஒருவர் மண்டகப்பட்டைக் காட்டுவார், இன்னொருவர் தளவானூரைச் சொல்வார், வேறொருவர் சீயமங்கலத்துக்கு வழி கூறுவார். மேலும் கீழும் சதுரமாய், நடுவே எட்டுப் பட்டையாய் அமைந்த தூண்கள் அம்மன்னன் காலக் கோயில்களுக்குப் பொதுவானவை. தூணை மட்டும் பார்த்து இது சீயமங்கலம் எனக் கூற இயலாது. 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என்னும் பெயருள்ள கல்வெட்டைப் படித்தால்தான் ஐயம் தீரும்.

மூளை ஆய்விலும் இதே சிக்கல் உண்டு. நரம்புச் செல்களிடையே கிளர்ச்சிச் செய்தியைக் கொண்டு செல்லும் முதன்மையான வேதிப்பொருள் குளூட்டமேட். அதை ஏற்கும் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்த ஒரு பெரிய குடும்பம். அவற்றுள் ஒன்றை மட்டும் இனங்காண எதிர்ப்பொருள் பயன்படுகிறது. ஏற்பியின் ஒரு பகுதியை முயலுக்கு ஊசி வழியே செலுத்தினால், முயலின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்து மூளைத் துண்டில் இட்டால், அது ஒட்டிய இடமே ஏற்பி இருக்கும் இடம் என்று கொள்வர். ஒட்டியது தூணிலா, கல்வெட்டிலா என்பதே கேள்வி.

1994-இல் அமெரிக்காவில் ஸ்காட் ராஜர்ஸ் குழுவினர், குளூ-ஆர்-3 என்னும் ஏற்பியின் பகுதிகளைச் செலுத்திய முயல்களில் இரண்டுக்கு வலிப்பு வரக் கண்டனர். குழந்தைகளின் மூளையில் ஒரு பாதியை அழிக்கும் ராஸ்முசன் நோய்க்கும் இத்தகைய எதிர்ப்பொருளே காரணமாகலாம் என்று கருதினர். குருதியிலிருந்து எதிர்ப்பொருளை நீக்கியதும் ஒரு குழந்தைக்குத் தற்காலிகமாக நலம் தெரிந்தது. நம்பிக்கை பிறந்தது இயல்பே. ஆயினும் பின்னர் வந்த ஆய்வுகள், அந்த எதிர்ப்பொருள் இந்நோயாளர் பலரிடம் இல்லை என்றும், வேறு வலிப்பு நோயாளரிடமும் காணப்படுகிறது என்றும் காட்டின. புரதத்தின் சிறு துண்டில் ஒட்டுவது வேறு. முழுப் புரதத்தில் ஒட்டுவது வேறு. முதற்கருத்தைச் சொன்னவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சரிபாராமல் அதை நோய்க்குறியாகக் கொள்வதே பிழை.

இது பழங்கதையன்று. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, 65 புரதங்களுக்கென விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களைச் சோதித்தது. பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு சோதனையிலாவது தவறின. அவ்வாறு தவறியவற்றை நம்பி எழுதிய கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 இருந்தன!

பல ஆய்வுக் கட்டுரைகள் நிறுவனத்தின் பெயரையும் பட்டியல் எண்ணையும் தருவதோடு நின்றுவிடுகின்றன. குப்பியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு சான்றாகாது. அந்த ஏற்பிக்குரிய மரபணுவை நீக்கிய சுண்டெலியின் மூளையிலும் எதிர்ப்பொருள் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டினால், அது வேறெதையோ பிடிக்கிறது என்பது தெளிவு. இச்சோதனைக்குக் காலமும் பணமும் ஆகும் என்பது உண்மையே. ஆனால் தவறான படத்தை நம்பி, நோயுற்ற குழந்தைக்குத் தவறான சிகிச்சையைத் தேடுவது அதனினும் பெருஞ்செலவு அல்லவா?

நாளை ஆய்வுக்கூடம் புகவிருக்கும் மாணவர்கள், வண்ணப் படத்தைக் கண்டு வியக்குமுன், "ஏற்பி இல்லாத மூளையில் இது என்ன காட்டியது?" என்று கேட்கப் பழக வேண்டும்.