எத்தனை சேஃப்டி என்று எண்ணிப் பயனில்லை

பழைய ராணுவக் கைத்துப்பாக்கி சேகரிக்க ஆரம்பிப்பவர்களுக்கான கையேடுகளை ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். (என்னிடம் துப்பாக்கி எதுவும் கிடையாது. வாஞ்சிநாதன் பற்றித் தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டேன்.) பலவற்றில் ஒரே பழக்கம்: மாடல் பெயர், அதற்கு நேராக எத்தனை சேஃப்டி. எண்ணிக்கை கூடினால் புதியவருக்கு நல்லதாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1911 ஜூன் 17, மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பெல்ஜியத் தயாரிப்பான பிரவுனிங் பிஸ்டலால். தமிழில் சிலர் அதை ரிவால்வர் என்றே எழுதிவிடுகிறார்கள். வெறும் சொல் தகராறுன்னு விட முடியாது. ரிவால்வரில் குண்டுகள் உருளையில் இருக்கும். பிஸ்டலில் மேகசினில் இருக்கும், கூடவே ஒன்று குழாயின் பின்முனையில், சேம்பரில், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். புதியவர் ஏமாறுவது அந்த ஒன்றில்தான்.

அதே பெல்ஜியக் கம்பெனியின் 1910 மாடலை எடுத்துக்கொள்வோம். 1914இல் சரயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைக் கொன்ற ரகம். மூன்று சேஃப்டி, அட்டவணையில் முழு மார்க். இடப்பக்கம் ஒரு லிவர். பிடியின் பின்புறம் ஒன்று, கை இறுக்கினால்தான் விலகும். அதாவது ஒழுங்காகப் பிடித்தாலே விலகிவிடும். மூன்றாவது, மேகசினைக் கழற்றினால் டிரிகர் வேலை செய்யாது. மூன்றும் நூறு வருஷப் பழைய இரும்புத் துண்டுகளை நம்பி நிற்கின்றன. நடுவில் எவன் அரம் போட்டானோ! மூன்றும் சரியாக இருந்தாலும் சேம்பரில் இருக்கும் குண்டு அங்கேயேதான் இருக்கும்.

காந்தியைச் சுட்ட பெரெட்டா 1934 இன்னும் மோசம். லிவரை அரைவட்டம் திருப்ப வேண்டும், அதுவும் டிரிகரை மட்டும்தான் தடுக்கும், சுத்தியலைத் தடுக்காது. மேகசின் இல்லாமலும் சுடும். கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு பின்னால் நிற்கும், ஆனால் காலி மேகசினை உருவினால் முன்னால் வந்து மூடிக்கொள்ளும். காலி என்பதற்கு இருந்த ஒரே அடையாளமும் போச்சு. எங்க தொழில் பாஷையில் சொன்னால், ஃபிளாக்கை நம்பாதே, டேட்டாவைப் பார்.

வெப்லி மார்க் 6 ரிவால்வருக்கு அட்டவணையில் பூஜ்யம், லிவரே கிடையாது. ஆனால் கொக்கியை அமுக்கி மடக்கினால் உள்ளே இருப்பதை அதுவே மேலே தள்ளிவிடும், ஆறு ஓட்டையும் ஒரே பார்வையில் தெரியும். புதியவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

எங்க எருமப்பட்டிப் பக்கம் லாரிக்காரர்கள் சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டாலும் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுக்காமல் டீக்கடைக்குப் போகமாட்டார்கள். பிரேக் கெட்டது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, "பழசுதானே, லைசென்ஸ் வேண்டாம்" என்ற பேச்சு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருவது பழசு என்பதற்காக மட்டும் இல்லை. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். மேலே சொன்ன எந்தத் துப்பாக்கியும் சுடும் நிலையில் இருந்தால் இதில் தப்பாது.

கையில் எடுத்தால் செய்ய வேண்டிய வரிசை: குழாய் ஆளில்லாத பக்கம், விரல் டிரிகருக்கு வெளியே. முதலில் மேகசினைக் கழற்று, அப்புறம் ஸ்லைடை இழு, சேம்பரைக் கண்ணால் பார், விரலாலும் தொட்டுப் பார். ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டால் மேகசினிலிருந்து அடுத்த குண்டு உள்ளே ஏறிவிடும், நீங்கள் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் படித்த கையேடு ஒன்றில் இது பின்னிணைப்பில் இருந்தது.