ஊரூராய்ப் போன குரல்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் முதலில் ஏறாவூர், பிறகு செங்கலடி, அதையடுத்து வந்தாறுமூலை. ஏறாவூர் பெரும்பாலும் முஸ்லிம் ஊர், வந்தாறுமூலை தமிழூர். ஈழத்து நாடக வரலாற்றில் வந்தாறுமூலைக்கு இரண்டு காரணங்களால் இடமுண்டு. 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' எனப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடையேற்றியபோது, மாணவர்களுக்கு ஆடவும் பாடவும் பழக்கியவர் இந்த ஊரின் செல்லையா அண்ணாவியார். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக ஆன நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. அதன் நுண்கலைத்துறைக்குப் பேராசிரியர் சி. மௌனகுரு பல்லாண்டு தலைமை தாங்கினார். ஆகவே நாடகத்தைப் பற்றிய நமது விமர்சனம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்காமல் விட்டது என்று கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' நூலை மறுபடி வாசித்தபோது ஒன்று பட்டது. கூத்து ஊரோடு கட்டப்பட்ட கலை. சட்டம் கொடுத்தல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், பிறகு வீட்டுக்கு வீடு ஆடுதல் என்று அதன் ஒவ்வொரு கட்டமும் ஓர் ஊருக்குள்ளேயே நடந்து முடிகிறது. ஆடுகிறவன் வயலுக்கும் வாவிக்கும் போய்வருகிற அதே ஊர்க்காரன். பார்க்கிறவள் அவனுடைய மாமி, மச்சாள். இதில் பயணம் போகிற ஒரே ஆள் அண்ணாவியார்தான். அழைத்த ஊரில் மாதக்கணக்கில் தங்கி மத்தளம் போட்டுப் பழக்கிவிட்டுத் திரும்புவார். கூத்தின் பலமும் இதுதான். அந்தப் பலத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பதிந்த இன்னொரு நூல் நம்மிடம் இல்லை. எனது குறை நூலின் மீதல்ல. அது எழுந்த காலத்து ரசனையின் மீது.

1960களில் வலுப்பெற்ற அந்த ரசனை, கூத்து நம் மண்ணினுடையது, ஹார்மோனியத்தோடு வந்த இசைநாடகம் வெளியிலிருந்து வந்த கலப்பு என்று ஒரு கோடு கிழித்தது. யாழ்ப்பாணத்தார் 'கொட்டகைக் கூத்து' என்று சொல்வதும் இந்தக் கலப்பைத்தான். சிங்களத்திலும் இதே கோடு விழுந்தது. 1956இல் 'மனமே'யைத் தந்த எதிரிவீர சரச்சந்திர, பார்ஸி கம்பெனிகளின் வழியில் வளர்ந்த நூர்த்தியை ஒதுக்கிவிட்டு, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகமவை எடுத்துக்கொண்டார். கலைத் தேர்வு என்ற வகையில் இரண்டும் பெரிய காரியங்களே. 'மனமே'யும் 'இராவணேசனும்' இல்லாமல் இந்நாட்டு அரங்கைப் பேச முடியாது. ஆனால் எதைக் கலப்பென்று கழித்தார்கள் என்று ஒரு முஸ்லிம் வாசகன் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கழிக்கப்பட்டதில் பெரும்பங்கு நமது ஆட்களின் கைபட்டது. பார்ஸி மேடையின் தாய்ப்பிரதி என்று சொல்லத்தக்க 'இந்தர் சபா'வை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலக்னோவில் எழுதியவர் ஆகா ஹஸன் அமானத் என்ற உருதுக் கவிஞர். முதலாளிகள் பார்ஸிகள், எழுத்தும் இசையும் மேடையும் பெருமளவு உருது முஸ்லிம்களுடையன. அந்தக் கம்பெனிகள் ரயிலிலும் கப்பலிலும் கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று போயின. போன இடமெல்லாம் பிள்ளை பெற்றன. கொழும்பில் நூர்த்தி பிறந்தது. பினாங்கில் 1880களில் மம்மட் புஷி என்ற ஜாவி பிரானக்கன் தொடங்கிய குழுவிலிருந்து மலாய் பங்சவான் வளர்ந்தது. ஜாவி பிரானக்கன் என்போர் பெரும்பாலும் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் மலாய் வழித்தோன்றல்கள். தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) தலைமுறை நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'பார்ஸி மெட்டு', 'ஹிந்துஸ்தானி மெட்டு' என்ற குறிப்புகளோடு அது வந்து சேர்ந்தது. குலேபகாவலி தமிழ் மேடைக்கு வந்த வழியும் அதுவே. சீறாவும் சூஃபிப் பாடல்களும் எங்களுடையவை என்று உரிமை கொண்டாடும் நாம், இந்த வழியை ஒருபோதும் உரிமை கொண்டாடியதில்லை. கூத்தாடுவது தகாத தொழில் என்ற கூச்சம் ஒருபுறம். கலப்பு என்ற விமர்சகர்களின் ஏளனம் மறுபுறம். இரண்டும் ஒன்றுக்கொன்று வசதியாகப் போய்விட்டன.

இந்த மேடையின் உயிர் அதன் பயணத்தில் இருந்தது. சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் ஆறு வயதில் சேர்ந்த டி.கே. சண்முகம், 1972இல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை'யில் அதை உள்ளிருந்து எழுதியிருக்கிறார். ஊருக்கு ஊர் மாறும் கொட்டகை, கம்பெனி வீடு, வசூல் நன்றாக இருந்த நாளும் இல்லாத நாளும். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் எல்லோருக்கும் ஒரே அச்சம் உண்டு. அதற்குப் பெயர் மகரக்கட்டு. குரல் உடைகிற பருவம். நேற்றுவரை கைதட்டு வாங்கிய பிள்ளை ஒரு மாதத்தில் யாருக்கும் வேண்டாதவனாகிவிடலாம். கூத்துக்காரனுக்குத் தொண்டை போனால் ஊர் இருக்கிறது, வயல் இருக்கிறது. கம்பெனிப் பையனுக்குத் தொண்டைதான் ஊர். இந்த வேறுபாட்டை வடிவ ஆராய்ச்சி மட்டும் செய்கிற விமர்சனம் காணாது.

பிறகு வந்த ஸ்பெஷல் நாடகம் இன்னும் வினோதமானது. அங்கே கம்பெனியே கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் வேறோர் ஊரிலிருந்து, நாரதர் மூன்றாவது ஊரிலிருந்து. ஒத்திகை இல்லை. சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம், அதுவே ஒப்பந்தம். அன்றிரவுதான் முதன்முதலாகச் சந்திக்கிற இருவர் விடியும்வரை தர்க்கம் பாடுவார்கள். அந்நியர் இருவரின் சுருதியையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறவர் மேடை ஓரத்து ஹார்மோனியக்காரர். தானும் பாடுவார், திணறுகிறவருக்கு அடியெடுத்துக் கொடுப்பார், எல்லை மீறுகிறவரை ஓர் அழுத்தத்தில் இழுத்து நிறுத்துவார். அந்த ஆசனத்தில் இருந்து பெரும்புகழ் பெற்றவர் காதர் பாட்சா. பழைய நாடக ரசிகர்கள் அந்தப் பெயரைச் சொல்கிற தொனியே வேறு. வள்ளிக்கும் முருகனுக்கும் இரவு முழுவதும் சுருதி கூட்டியவர் ஒரு முஸ்லிம் என்பது அந்தக் கொட்டகையில் யாருக்கும் வியப்பாக இருக்கவில்லை. இன்று நமக்கு வியப்பாக இருப்பதுதான் கவனிக்கத்தக்கது.

பெண் பாடகிக்கு இதே வழி வேறு வழியாக இருந்தது. மதுரையில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு 1990களின் தொடக்கத்தில் வாழ்ந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளியிட்ட நூலில் ஓர் இயல் முழுவதையும் நடிகைகளின் பயணத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். மேடையில் என்ன நடந்தது என்றல்ல; மேடைக்கு எப்படிப் போனாள், எதில் போனாள், யாரைத் துணைக்கு வைத்துக்கொண்டாள், ஊர் பார்க்காமல் எங்கே ஒதுங்கினாள் என்பதே அவரது கேள்வி. இரவெல்லாம் ஆயிரம் பேர் முன் ஆடிய பெண், வழியில் குடும்பப் பெண்ணாகத் தோன்ற எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிறார். பிறமொழிக்காரர் ஒருவருக்குத் தெரிந்த இக்கேள்வி தமிழில் விமர்சனம் எழுதுகிற நமக்கு ஏன் தோன்றவில்லை? கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையையே பாருங்கள். கொடுமுடியில் ஏழைவீட்டில் 1908இல் பிறந்து, சிறுமியாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கப்பலேறி இலங்கை வந்து, 1920களின் பிற்பாதியில் கொழும்பு மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இணைந்தார். நமது எழுத்துகளில் இது தெய்வீகக் காதல் கதை. ஆனால் அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய, பின்னாளில் அச்சேறிய கடிதங்களில் இருப்பது காத்திருப்பும் கோபமும். ஏற்கெனவே மணமான ஆண் விரும்பியபோது வருகிறான், விரும்பியபோது போகிறான். வழி அவனுக்குத் திறந்திருந்தது. 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலை உடுத்தினார். ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றார். 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கேட்டுப் பெற்றபோது, தாமே நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். இதைப் பக்தி என்று மட்டும் வாசிப்பது சோம்பேறித்தனம். பயணத்தில் பட்டதற்கு ஒரு பெண் கண்டுபிடித்த பாதுகாப்பாகவும் அது இருக்கலாம்.

இனி நம் பக்கம். எம்.எம். உவைஸும் பீ.மு. அஜ்மல்கானும் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகள் கிஸ்ஸாவையும் மசலாவையும் முனாஜாத்தையும் படைப்போரையும் வகைப்படுத்தித் தந்த கடனை நாம் தீர்க்க முடியாது. அங்கும் புலவர் இருக்கிறார், பிரதி இருக்கிறது, பதிப்பு இருக்கிறது. நூறு மசலாவை எழுத்தறியாத பெண்ணின் காதுக்குக் கொண்டுபோன குரல் இல்லை. அந்தக் குரல் பாவாக்களுடையது. றபானைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகவும், கந்தூரிக்குக் கந்தூரியாகவும், தப்தர் ஜெய்லானிவரையும் போனவர்கள் அவர்கள். நாடகப் பாடகனுக்கு நாம் மறுத்த இடத்தை இவர்களுக்கும் மறுத்தோம். ஒருவர் கூத்தாடி, மற்றவர் பிச்சைக்காரர். இருவரும் பாட்டைக் காலால் சுமந்தவர்கள் என்பது நமக்குப் பொருட்டாகவில்லை.

1990க்குப் பிறகு இந்த விஷயம் வெறும் ரசனைச் சிக்கலாக இல்லை. அந்த ஓகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். சில மைல் வீதி எல்லையாயிற்று. அதற்குப் பின் இங்கே பேசப்பட்ட மண், மரபு, வேர் எல்லாம் இருதரப்பிலும் ஊரோடு கட்டப்பட்ட சொற்கள். எங்கள் கூத்து, எங்கள் பொல்லடி. இடம்பெயர்ந்தவர்களுக்கு அவை தேவைப்பட்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஊர்களுக்கு நடுவே நடந்த கலையைச் சொல்ல அந்தச் சொற்களில் இடமில்லை. காதர் பாட்சாவை எந்த மண்ணில் நடுவது?

மற்றவர்களைக் கேட்கும் இந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. எங்கள் தெருவில் நோன்பு மாதம் முழுவதும் ஸஹருக்கு எழுப்ப ஒரு பாவா வருவார். இருட்டில் முதலில் றபான், பிறகு குரல், பிறகு நாய்கள். ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிப் பாடுவார். வாப்பாவின் பெயர் வருகிறதா என்று படுக்கையில் கிடந்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். பெருநாளன்று வாசலுக்கு வருவார். உம்மா அரிசியும் காசும் கொடுப்பா. எல்லாருடைய பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அவரைப் பாவா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் கேட்டதில்லை.