பப்பெட்டின் அலமாரி

லினக்ஸ் சர்வரில் பப்பெட் ஏஜென்ட்டை நிறுவியதும் ஆப்ட் அடைவுக்குள் இருக்கும் பப்பெட்லேப்ஸைத் திறந்து பார்ப்பதில் எனக்கொரு சுகம். ஊர் சர்வர்களுக்கெல்லாம் ஒழுங்கு சொல்ல வந்த மென்பொருளாயிற்றே, அதன் சொந்தச் சாமான்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டாமா? கல்யாண வீட்டுக்குத் தன் கரண்டிகளோடு வரும் சமையல் மாஸ்டரைப் போல, தனக்கு வேண்டிய ரூபியைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறது. சர்வரில் ஏற்கெனவே இருக்கும் ரூபியை அது தொடுவதே இல்லை. பின் என்ற அடைவில் பப்பெட், ஃபேக்டர் என்று தெரிபவை மெல்லிய குறியிணைப்புகள்தாம்; கனமெல்லாம் இன்னோர் அடைவின் ஆழத்தில்.

நாம் கைவைக்க வேண்டியவை தனியே, எட்சி-யின் கீழ். பப்பெட்.கான்ஃப் பெரும்பாலும் நாலைந்து வரிதான். சான்றிதழ்கள் அதன் பக்கத்திலேயே, எஸ்எஸ்எல் அடைவில். மாஸ்டர் சர்வரிலோ கோட், என்விரான்மென்ட்ஸ், புரொடக்‌ஷன், மேனிஃபெஸ்ட்ஸ் என்று பாதை நீண்டுகொண்டே போகும். முழுதாக யாரும் தட்டுவதில்லை. இரண்டெழுத்து, டேப் விசையில் ஒரு டக், மறுபடி இரண்டெழுத்து, டக். தாளம் தப்பாமல் விரல் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். பதிவுக் கோப்புகள் முறைப்படி வார் அடைவில். கேஷை மட்டும் அங்கே அனுப்பாமல் ஆப்டிலேயே வைத்துக்கொண்டிருப்பதுதான் என் ரசனைக்குக் கொஞ்சம் இடிக்கிறது.