மிகவும் திருப்தி

விடிகாலை ஐந்தே கால் மணிக்குப் பூந்தமல்லி குமணன்சாவடியில் நின்றிருக்கிறீர்களா? ஒருமுறை நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, பின்னலில் இன்னும் காயாத ஈரம். முக்கால்வாசிப் பேருக்கு இருபது, இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். நான் அம்பத்தூர்க்காரன். வெளியூர் கிளம்பும் நாட்களில் இந்த பஸ்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

அதைத் தெரிந்துகொள்ள நம் கல்லூரிகளில் அனேகமாக ஒரே ஒரு வழிதான் சொல்லித் தருகிறார்கள். ஃபாரம் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கத்தை பேப்பர். 1964ல் ஆரம்பித்த நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில், தொழிலாளர்களின் பணி திருப்தி பற்றி ப்ராஜெக்ட்.

"அங்கிள், கைடு நூறு கேட்டாங்க. எண்பத்தெட்டுதான் வந்திருக்கு. நாளைக்கு சப்மிட் பண்ணணும். நீங்களும் ஆன்ட்டியும் ஆளுக்கு ஆறு ஃபில் பண்ணிடுங்களேன்."

"நான் எந்த மெஷினையும் தொட்டதே இல்லையேம்மா."

"சும்மா டிக் அடிங்க அங்கிள். பேரு தேவையில்ல."

அடித்தேன். அரை மணி நேரத்தில் நான் இருபத்து நாலு வயது லேத் ஆபரேட்டராகவும், மூன்று குழந்தை பெற்ற பேக்கிங் ஊழியராகவும், இன்னும் நாலு பேராகவும் அவதாரம் எடுத்தேன். பதினேழாவது கேள்வி: மேலதிகாரிகள் தங்களை நடத்தும் விதம் பற்றி? மிகவும் திருப்தி, திருப்தி, கருத்து இல்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. ஏதோ ஒரு நியாய உணர்ச்சியில் இரண்டு ஃபாரத்தில் அதிருப்தி போட்டேன். பிறகுதான் மற்ற எண்பத்தெட்டையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் மிகவும் திருப்தி.

"யாரும்மா குடுத்து வாங்கினது?"

"சூப்பர்வைசர்தான் அங்கிள். கூடவே நின்னு ஃபில் பண்ண வெச்சாரு. ரொம்ப ஹெல்ப்ஃபுல்."

கை-ஸ்கொயர் டெஸ்ட் போட்டு, கறுப்பு ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து பைண்டிங்கோடு ப்ராஜெக்ட் ஜெயித்தது. அந்த மொத்த ஆராய்ச்சியிலும் மேலதிகாரி மேல் கோபம் இருந்த தொழிலாளி நான் ஒருவன்தான்.

இந்தக் கதை இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஒரு புத்தகம். 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்'. எழுதியவர் மதுமிதா தத்தா. 2021ல் ஜுபான் வெளியீடு. படங்கள் மதுஸ்ரீ. தலைப்பில் 'கூட்டம்' என்ற தமிழ் வார்த்தையைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஞாபகமிருக்கிறதல்லவா? 2006ல் ஓட ஆரம்பித்து, ஒரு காலத்தில் நம் எல்லார் சட்டைப்பையிலும் இருந்த போனைச் செய்து கொடுத்து, வரித் தகராறு, மைக்ரோசாஃப்ட் கைமாற்றல் என்று சிக்கி, 2014 நவம்பரில் மூடப்பட்ட ஃபேக்டரி. அங்கே வேலை பார்த்த பெண்களில் ஐந்து பேர் காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஆய்வு செய்தவர் மதுமிதா. அவரும் நாடகக் கலைஞர் சம்யுக்தா பி.சி.யும் கூட உட்கார்ந்து பேசுகிறார்கள். ரெக்கார்டர் ஓடுகிறது. முதலில் அது ரேடியோ நிகழ்ச்சி மாதிரி ஒரு ஒலித் தொடராக, பாட்காஸ்ட்டாக, தமிழிலேயே வந்தது. பிறகு புத்தகம்.

இதில் கேள்வி எண் பதினேழு கிடையாது. வேலையில் ஆரம்பித்த பேச்சு காதலுக்குப் போகும், கல்யாணத்துக்குப் போகும், சிநேகிதத்துக்குப் போகும். நாலு பெண்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. ஆசிரியர் அதை நறுக்கி 'கண்டுபிடிப்பு ஒன்று, இரண்டு' என்று டப்பாவில் அடைக்கவில்லை. உரையாடலை உரையாடலாகவே விட்டிருக்கிறார். இது சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தில் கொண்டு வர ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும், செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் எதை வைப்பது, எதை எடுப்பது, எந்த வரி அச்சில் வந்தால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பிரச்னை என்றெல்லாம் யோசிக்க வேண்டும். நூறு ஃபாரத்தைக் கூட்டிக் கழிப்பது இதற்குப் பக்கத்தில் சுலபமான வேலை.

'ஐந்து பேரை வைத்துக்கொண்டு என்ன சார் நிரூபிக்க முடியும்?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். எத்தனை சதவிகிதம் பேருக்கு முதுகுவலி என்று சொல்ல ஐந்து பேர் போதாது. முதுகுவலியை லைன் லீடரிடம் ஏன் சொல்வதில்லை என்று தெரிந்துகொள்ள ஐயாயிரம் ஃபாரம் போதாது. இரண்டும் வேறு வேறு கேள்வி. ஒன்றுக்கான கருவியை எடுத்துக்கொண்டு இன்னொன்றை அளக்கப் போனால், தர்மாமீட்டரை வைத்து எடை பார்த்த மாதிரிதான். இந்தக் கேட்டறியும் ஆராய்ச்சிக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. யாரிடம் பேசினேன், ஏன் அவர்களிடம், எங்கே வைத்து, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றெல்லாம் சொல்லியாக வேண்டும். புதிதாக எதுவும் வராத வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு ஊரை வைத்துப் பெரிய பெரிய விஷயங்களைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948ல் மைசூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போய் மாதக் கணக்கில் தங்கினார். புத்தகங்களில் அதற்கு ராம்புரா என்று பேர் கொடுத்தார். தேர்தல் ராத்திரி டி.வி.யில் எல்லாரும் உதிர்க்கிற 'வோட் பேங்க்' என்ற பிரயோகம், 1950களில் அந்த ஊரைப் பற்றி அவர் எழுதியதில் பிறந்ததாகத்தான் சொல்கிறார்கள். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைக்க, ஊரைப் பற்றித் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் மூன்று பிரதியும் எரிந்து போயின. மனுஷர் ஞாபகத்திலிருந்தே எழுதினார். 1976ல் வந்த அந்தப் புத்தகத்துக்கு 'நினைவில் நின்ற கிராமம்' என்று அர்த்தம் வருகிற தலைப்பு. நம்ம ஃபாரம்கள் எரிந்தால் எதை ஞாபகம் வைத்து எழுதுவது?

சரி, பூந்தமல்லிக்கு வருவோம். 2021 டிசம்பரில் என்ன நடந்தது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சில பேர் செத்துப் போய்விட்டதாக வதந்தி. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் பெங்களூர் ஹைவேயில் உட்கார்ந்துவிட்டார்கள். செத்ததாகச் சொல்லப்பட்டவர்களை வீடியோ காலில் காட்டி 'உயிரோடுதான் இருக்கிறார்கள்' என்று அதிகாரிகள் நிரூபிக்க வேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நாள் யாரையும் நம்பாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு நிலைமை வரும்! தரையில் படுக்கை, ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை என்ற விவரமெல்லாம் அப்புறம்தான் வெளியே வந்தது. விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதுவரை அந்தப் பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையா? கேட்டிருப்பார்கள். ஃபாரம் நீட்டியிருப்பார்கள். கூடவே யாராவது ஹெல்ப்ஃபுல்லாக நின்றிருப்பார்கள்.

அதன் பிறகு அரசாங்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி 706 கோடி ரூபாய் செலவில் விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு அந்த எண்ணிக்கையை வேறு மாதிரி பார்க்கிறேன். காஞ்சிபுரத்து அறை அந்தப் பெண்கள் வாடகை கொடுத்து எடுத்தது. சாவி அவர்கள் கையில். அதனால்தான் அந்தப் பேச்சே நடந்தது. பதினெட்டாயிரம் கட்டிலில் அப்படி ஒரு அறை எத்தனை என்று எந்தப் பொறியாளரின் எஸ்டிமேட்டிலும் வராது.

அதே வருஷம் ஜூனில் இன்னொன்று. கல்யாணமான பெண்களை ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஃபேக்டரியில் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்டுகள், வேலையை விட்டுப் போன ஹெச்.ஆர்.காரர்கள் என்று தேடித் தேடிப் பேசி எழுதினார்கள். கம்பெனி மறுத்தது. மத்திய அரசு அறிக்கை கேட்டது, அதிகாரிகள் போனார்கள். மொத்தம் 33,360 பெண்கள், அதில் 2,750 பேர் கல்யாணமானவர்கள் என்று கம்பெனி கணக்குக் கொடுத்தது. எட்டு சதவிகிதம். உள்ளே வேலை பார்க்கிற கல்யாணமான பெண்களையும் விசாரித்தார்கள். சம்பளத்தில், பதவி உயர்வில் பாரபட்சம் இல்லை என்றார்களாம். சொல்லத்தான் செய்வார்கள், அவர்களுக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே! கேட்க வேண்டியது கேட்டுக்கு வெளியே திருப்பி அனுப்பப்பட்டதாகச் சொல்லப்படுகிறவர்களை. யாரிடம் கேட்பது என்று தீர்மானிக்கிற இடத்திலேயே பாதி பதில் வந்துவிடுகிறது.

புத்தகத்தில் எனக்குக் குறைகளும் உண்டு. இப்படி ஓர் அறை கிடைத்தவர்கள்தான் இதில் பேசுகிறார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சம்பளக் கவரைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போகிற பெண்ணுக்கு இந்தக் கூட்டத்தில் இடம் கிடைத்திருக்காது. மேலே அதிகாரிகளைப் பற்றிச் சொன்ன அதே விஷயம், கொஞ்சம் மென்மையாக, இங்கேயும் பொருந்துகிறது. இரண்டாவது, நான் படித்தது இங்கிலீஷ். ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்ன வாக்கியம் இங்கிலீஷுக்குப் போனதும் கொஞ்சம் பட்டதாரியாகிவிடுகிறது. 'அட போக்கா' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாலும் அந்த 'க்கா' வராது. தமிழ் ஒலிப்பதிவு இருப்பதால் இந்த ஆசிரியரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. பேச்சை முதலில் அது பேசப்பட்ட பாஷையிலேயே ஊருக்குக் கொடுத்தவர்கள் ஆராய்ச்சியாளர்களில் ரொம்பக் கம்மி. பெரும்பாலான ஆய்வுகள் இங்கிலீஷ் ஜர்னலில், காசு கட்டினால்தான் திறக்கிற பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பேசியவருக்கு ஒரு பிரதிகூடப் போகாது.

ஜர்னல் என்றதும் அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஹெச்.டி. சமர்ப்பிப்பதற்கு முன் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2009ல் விதி போட்டது. காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் 'இன்டர்நேஷனல்' ஆக்கித் தருகிற ஜர்னல்களுக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்தே 4,305 ஜர்னல்களைத் தூக்க வேண்டியிருந்தது. 2022ல் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். ஒரு அறைக்குள் மாதக் கணக்கில் உட்கார்ந்து கேட்கிறவர் வருஷத்துக்கு எத்தனை பேப்பர் போட முடியும்? ஃபாரம்காரர் நாலு போடுவார். வேலை யாருக்குக் கிடைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தெருப் பெண் இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். நல்ல பெண், வீட்டுக்கு வந்தால் காபி கேட்டு வாங்கிக் குடிப்பாள். போன மாசம் மேஜையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துப் புரட்டினாள்.

"சாம்பிள் சைஸ் எவ்ளோ அங்கிள்?"

"அஞ்சு."

"அஞ்சேவா!" என்றாள். ஆனாலும் கீழே வைக்கவில்லை. நின்றபடியே நாலு பக்கம் படித்தாள். காபி ஆறிப்போச்சு. "எங்க பொண்ணுங்களும் இப்படித்தான் பேசுவாங்களா அங்கிள்?" என்று கேட்டாள். "கேட்டுப் பாரேன்" என்றேன். "என்கிட்ட எப்படிப் பேசுவாங்க? நான் ஹெச்.ஆராச்சே" என்றாள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் திரும்பி வரவில்லை.