கூச்சத்தின் கோடுகள்

அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு சொற்கள் கூடவே வந்துவிடுகின்றன: துணிச்சல், ஆபாசம். ரசிப்பவர்கள் முதற்சொல்லையும் வெறுப்பவர்கள் அடுத்ததையும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: வரையக்கூடாததை இவர்கள் வரைந்தார்கள். அது உண்மை. ஆனால் ஐம்பது வருஷங்களுக்குப் பிறகும் இந்தப் பக்கங்கள் ஏன் படிக்கப்படுகின்றன என்பதற்கு அந்த உண்மை போதாது. வரையக்கூடாதது என்று இன்று அங்கே அநேகமாக எதுவும் மிச்சமில்லை. தடை போனபின் தடைமீறலின் மதிப்பு என்ன?

1954இல் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். செனட் துணைக்குழு விசாரித்தது. பயந்துபோன வெளியீட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை அமைத்துக்கொண்டார்கள். இது பலமுறை சொல்லப்பட்ட கதை. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்தத் தொழிலின் அமைப்பு. ஒருவர் கதை எழுத, ஒருவர் பென்சிலால் வரைய, இன்னொருவர் மசி ஏற்ற, வேறொருவர் எழுத்துகளைப் பொறிக்க, பாத்திரம் கம்பெனிக்குச் சொந்தமாகும். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ராபர்ட் கிரம்ப் 'ஸாப் காமிக்ஸ்' முதல் இதழ் முழுவதையும் தானே எழுதி வரைந்து, குழந்தை வண்டியில் வைத்து ஹைட் தெருவில் விற்றபோது, தணிக்கையோடு இந்த வேலைப் பிரிவினையும் முறிந்தது. பக்கத்தின் எந்த மூலையிலும் இன்னொருவர் கை இல்லை. பின்னால் வந்த சிறு வெளியீட்டாளர்களும் உரிமையைப் பெரும்பாலும் வரைந்தவரிடமே விட்டார்கள். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரத்தையும் இதன் வறுமையையும் விளக்க வேண்டியதில்லை.

கிரம்ப் 1962 முதல் கிளீவ்லண்டில் வாழ்த்து அட்டைகள் வரைந்தவர். உருண்டையான, கொஞ்சலான கோடு அங்கே பழகியது. அதன்மீது பழைய பத்திரிகைச் சித்திரத் தொடர்களின் வாசனையும், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நிழல்கோடுகளும் ஏறின. மழலை முகத்தோடு வரும் இந்தக் கோடு மனித மனத்தின் வக்கிரத்தைச் சுமக்கிறது. படிப்பவன் முதலில் சிரித்துவிடுகிறான். எதற்குச் சிரித்தோம் என்பது அப்புறம்தான் உறைக்கிறது. இது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை.

ஆனால் கிரம்பின் கறுப்பினப் பெண் உருவங்களையும், அவர் பக்கங்களில் மிதிபடும் பெண்ணுடல்களையும் என்ன செய்வது? தன் மனத்தின் சாக்கடையை மறைக்காமல் வைக்கிறார், நையாண்டி செய்கிறார் என்பது வழக்கமான பதில். இந்தப் பதிலில் பாதி நேர்மைதான் இருக்கிறது. தன்னை அம்பலப்படுத்துவதாகச் சொல்லும் கலைஞன் யாருடைய உடலைக் கொண்டு அதைச் செய்கிறான் என்று கேட்க வேண்டும். ட்ரினா ராபின்ஸ் அந்த நாட்களிலேயே இதைக் கேட்டார். நகைச்சுவை உணர்வு இல்லாதவர் என்று ஒதுக்கினார்கள். 1970இல் பெண்கள் மட்டுமே பங்கேற்ற முதல் காமிக்ஸ் இதழை அவர் கொண்டுவந்தது இந்தச் சூழ்நிலையில்தான். எஜமானன் இல்லாத பக்கத்திலும் அதிகாரம் உண்டு என்பதை அவர் கண்டுகொண்டார்.

எனவே இந்த இயக்கத்தின் நிலைத்த பகுதியை நான் வேறிடத்தில் தேடுகிறேன். 1972இல் வெளியான ஜஸ்டின் க்ரீனின் 'பிங்கி பிரௌன்' நாற்பத்து நான்கு பக்கங்கள். கத்தோலிக்கச் சிறுவன் ஒருவனுக்குத் தன் உடலிலிருந்து அசுத்தக் கதிர்கள் புறப்பட்டு மாதா சிலைகளையும் தேவாலயங்களையும் தாக்குவதாக ஓயாத பீதி. அவன் க்ரீனேதான். புத்தகத்தின் தொடக்கத்தில், கைகள் பின்னால் கட்டப்பட்டிருக்க, பேனாவை வாயில் கவ்வி வரைபவராகத் தம்மையே வரைந்திருக்கிறார். இங்கேயும் காமம் இருக்கிறது, தெய்வ நிந்தனை இருக்கிறது. ஆனால் அடி விழுவது முழுவதும் வரைபவன்மேல். மீறலின் இன்பம் இதில் இல்லை. மீறிவிட்டோமோ என்ற நடுக்கம் இருக்கிறது.

இந்த நடுக்கத்திலிருந்துதான் சந்ததி பிறந்தது. அலைன் கொமின்ஸ்கி க்ரீனைப் படித்தபின் தன்னையே அவலட்சணமாக, கோணல் கோடுகளில் வரைந்தார். பெண்கள் குழுவுக்குள்ளேயே இது உவப்பாக இல்லை. விலகிப்போய் 1976இல் டயான் நூமினோடு சேர்ந்து தனி இதழ் கொண்டுவந்தார். ஆர்ட் ஸ்பீகல்மன் க்ரீனுக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகச் சொன்னவர். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்ட அவருடைய தாய் 1968இல் தற்கொலை செய்துகொண்டார். அதை ஒரு சிறு சித்திரக் கதையாக்கி, கைதியின் பட்டைச் சட்டையில் தம்மை வரைந்து, 1973இல் ஓர் அண்டர்கிரவுண்ட் இதழில் வெளியிட்டார். தாயைக் குற்றம் சாட்டுகிற மகனின் குரூரம் அதில் மறைக்கப்படவில்லை. பின்னர் அந்தப் பக்கங்களை அப்படியே 'மௌஸ்' நூலுக்குள் வைத்தார். அந்த நூலுக்கு 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது.

'ஸாப்' நான்காம் இதழை விற்றதற்காக நியூயார்க் புத்தகக் கடைக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எது ஆபாசம் என்பதை அந்தந்த வட்டாரத்தின் அளவுகோலே தீர்மானிக்கலாம் என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும், விற்ற கடைகள் பின்வாங்கின; இயக்கம் தளர்ந்தது. அன்றைய அதிர்ச்சியைப் பிறகு பணம் ஜீரணித்துக்கொண்டது. கிரம்ப் 1969இல் வரைந்த ஒரு மேலட்டையின் மூலப்படம் 2017இல் 7,17,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதை வாங்கியவருக்கோ விற்றவருக்கோ எந்த ஆபத்தும் இல்லை.

2022 ஜனவரியில் டென்னசி மாநிலத்தின் ஒரு பள்ளி வாரியம் 'மௌஸ்' நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சொன்ன காரணங்கள் சில வசைச்சொற்களும் ஒரு நிர்வாணப் படமும். அந்தப் படம் இருப்பது 1973இன் பக்கங்களில்: குளியல் தொட்டியில் இறந்து கிடக்கும் தாய், நகம் அளவு. கிளர்ச்சி தருவதற்காக வரைந்த படமல்ல அது. துக்கத்தையும் அவமானத்தையும் வேறெப்படிச் சொல்வதென்று தெரியாத ஒரு மகன் வரைந்தது. மலிவான தாளில் அச்சான அந்தக் கையகலக் கட்டத்தை ஐம்பது வருஷங்களாகியும் ஒரு வாரியத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.