அலையும் அலைவரிசையும்: காசிமேட்டின் ஒலிவெளியை முன்வைத்துத் தமிழ் வானொலித் தயாரிப்புக் கலை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வானொலி ஒலியால் மட்டுமே இயங்கும் ஊடகம். எனினும் தமிழ் வானொலித் தயாரிப்பு மரபில் இடத்தின் ஒலி பெரும்பாலும் சொல்லுக்கு ஏவல் செய்வதாகவே அமைந்துள்ளது. வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் ஒலிவெளியை உரைகல்லாகக் கொண்டு இக்கட்டுரை அம்மரபை மதிப்பிடுகிறது. பி.பி.சி. 1960ஆம் ஆண்டு ஒலிபரப்பிய மீனவர் நிகழ்ச்சி ஒன்றும், பாம்பனில் இயங்கும் 'கடல் ஓசை' சமுதாய வானொலியும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உழைப்புத் தலத்தின் ஒலி அத்தலத்தாருடைய அறிவின் ஒரு பகுதி என்பதும், அவ்வறிவைக் களைந்துவிடும் தயாரிப்பு முறை அம்மக்களிடம் நம்பிக்கை பெறுவது அரிது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வானொலித் தயாரிப்பு, ஒலிவெளி, நெய்தல், காசிமேடு, சமுதாய வானொலி, உரைச்சித்திரம்

முன்னுரை

தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றுடன் பறையையும் யாழையும் சேர்த்து எண்ணுகிறது. அகப்பொருள் இலக்கண மரபு நெய்தலுக்கு மீன்கோட்பறையையும் விளரியாழையும் உரியனவாக்கும். ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்கேயுரிய ஒலி உண்டு என்பதும், அவ்வொலி அந்நிலத்தின் உணவையும் தொழிலையும் போல அதன் வாழ்வோடு பிணைந்தது என்பதும் இவ்வகைப்பாட்டின் உட்கிடை. ஒலியை நிலத்தின் அலங்காரமாகக் கருதாமல் அதன் கருவாகக் கருதிய பார்வை இது.

இத்தகைய பார்வையுடைய மொழியில், ஒலியையே முழுமுதற் கருவியாகக் கொண்ட ஊடகம் இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அதன் பணி நின்றபின், சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கப்பெற்றது. அந்நிலையம் அமைந்த நகரின் வடகரையில் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் நெய்தல் நிலம் உள்ளது. அந்நிலம் வானொலியில் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

1. சொல்லின் ஆட்சி

தமிழ் வானொலியின் இலக்கியத் தகுதி ஐயத்திற்கு இடமற்றது. தி. ஜானகிராமன், அகிலன், மீ.ப. சோமு முதலிய எழுத்தாளர்கள் வானொலியில் பணியாற்றினர். நாடகம், பேச்சு, கவியரங்கம், இசை எனப் பல வடிவங்களில் செம்மையான தமிழை இல்லந்தோறும் கொண்டு சேர்த்த பெருமை வானொலிக்கு உண்டு. ஆயினும் இப்பெருமையே அதன் எல்லையையும் வகுத்தது. எழுத்தாளர் எழுத, பயின்ற குரலுடையோர் நிலையத்துள் அமர்ந்து படிக்க, ஒலி விளைவுகள் இடையிடையே சேர்க்கப்பட்டன. கதவு திறக்கும் ஓசை, குதிரைக் குளம்பொலி, மழை, கடலலை போன்றவை நிலையத்தின் இசைத்தட்டுச் சேமிப்பிலிருந்து தேவைக்கேற்ப எடுத்தாளப்பட்டன.

இம்மரபின் மனநிலையை அதன் கலைச்சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. உண்மை நிகழ்வுகளையும் மனிதர்களையும் இடங்களையும் விவரிக்கும் நிகழ்ச்சி வடிவத்திற்குத் தமிழ் வானொலி இட்ட பெயர் 'உரைச்சித்திரம்'. 'ஒலிச்சித்திரம்' என்னும் பெயரோ, திரைப்படத்தின் ஒலிப்பகுதியைச் சுருக்கி ஒலிபரப்பும் நிகழ்ச்சியைக் குறிப்பதாக மக்களிடையே நிலைபெற்றது. உண்மை உலகைத் தீட்ட உரையும், திரையின் புனைவுலகைத் தீட்ட ஒலியும் என்றவாறு அமைந்த இப்பங்கீடு தற்செயலானதாக இருக்கலாம். எனினும் உண்மையான ஓர் இடத்தைச் சொல்லால் விளக்கினால் போதும், அதனைக் கேட்கச் செய்ய வேண்டியதில்லை என்னும் நம்பிக்கை இதனுள் உறைந்துள்ளது.

இதற்குக் கருவிகளின் பங்கும் உண்டு. தொடக்ககால ஒலிப்பதிவுக் கருவிகள் எடை மிக்கவை. அவற்றைத் தெருவிற்குச் சுமந்து செல்வது எளிதன்று. ஆனால் கையடக்கப் பதிவுக் கருவிகள் வந்து பல்லாண்டுகள் ஆனபின்னும் உரையின் ஆட்சி தொடர்வதைக் கருவியின் குறையாக மட்டும் விளக்க இயலாது.

2. காசிமேட்டின் ஒலிவெளி

கனடிய இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூலில் ஓரிடத்தின் ஒலிகளை மூவகைப்படுத்தினார். எப்போதும் அடியில் ஒலித்துக்கொண்டிருப்பதால் உணரப்படாத அடித்தள ஒலி, கவனத்தைக் கோரும் குறிப்பொலி, ஒரு சமூகத்தின் அடையாளமாக நிற்கும் அடையாள ஒலி என்பன அவை. இவ்வகைப்பாட்டைக் காசிமேட்டில் பொருத்திப் பார்த்தால் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அங்கே ஒரே ஒலி, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து வகை மாறுகிறது.

விசைப்படகின் டீசல் இயந்திர ஓசை, புறத்திலிருந்து வருபவருக்கு அடித்தள ஒலி. படகுத் தொழிலாளிக்கு அது குறிப்பொலி. இயந்திரத்தின் சீர் மாறுவதைக் கொண்டே பழுதை உய்த்துணர்பவர் அவர். விடியலுக்கு முன் நடைபெறும் ஏலத்தில் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கானாங்கெளுத்தி எனப் பெயர்களும் எண்களும் அடுக்கி வரும் கூவல், அறியாதவருக்குக் கூச்சல். கூடையுடன் நிற்கும் மீன் விற்கும் பெண்ணுக்கு அன்றைய வருவாயை முடிவு செய்யும் கணக்கு அது. பனிக்கட்டி நொறுக்கும் பொறியின் ஓசை, கடலுக்குப் புறப்படும் ஆயத்தத்தை அறிவிக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் செல்லும் சரக்குப்பெட்டக வண்டிகளின் ஓசை, அந்நெய்தல் நிலத்தைச் சுற்றி வளர்ந்துவிட்ட மற்றொரு துறைமுகப் பொருளாதாரத்தின் ஒலி.

இவ்வொலிவெளிக்குக் காலமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. அந்நாள்களில் இயந்திர ஓசை குறைந்து, படகு பழுதுபார்க்கும் சுத்தியல் ஓசையும் வலை சீரமைப்போரின் பேச்சும் மேலெழும். தடைக்காலத்தின் இவ்வமைதி வெறுமையன்று. கடனும் காத்திருப்பும் நிறைந்தது. கருப்பொருளோடு பொழுதையும் இணைத்துக் கண்ட திணைக் கோட்பாட்டிற்கு இது அயலானதும் அன்று. கடலலையின் ஓசையை எந்த மாதத்திற்கும் பொருத்தி ஒலிக்கவிடும் தயாரிப்பு, நெய்தலின் பொழுதை அழித்துவிடுகிறது.

3. ஒலிவாங்கியின் தேர்வுகள்

வானொலித் தயாரிப்பில் ஒவ்வொரு தொழில்நுட்ப முடிவும் ஒரு திறனாய்வு முடிவே. களத்தில் பதிவு செய்த பேச்சைத் தூய்மைப்படுத்துகையில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது பொது வழக்கம். பேச்சின் தெளிவு இதனால் கூடும். ஆனால் படகு இயந்திரத்தின் அதிர்வும் கரையில் மோதும் அலையின் கனமும் பெரிதும் அப்பகுதியிலேயே உள்ளன. எஞ்சுவது மெலிந்த இரைச்சல். மீனவர் பேச, அவர் நின்ற இடம் நீக்கப்படுகிறது.

காற்றைப் பொறுத்தவரை சிக்கல் மேலும் நுண்ணியது. ஒலிவாங்கியின் மீது நேரடியாக மோதும் காற்று உறுமலாகப் பதிவாகிறது. அது காற்றின் ஒலி அன்று, கருவியின் தவிப்பு. உறையிட்டு அதைத் தடுப்பதே முறை. ஆனால் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருக்கும் மக்களின் வாழ்வில் காற்றே முதற்செய்தி. காற்று தான் தொடும் பொருள்களின் வழியாகவே ஒலிக்கிறது. கொடித்துணியின் படபடப்பு, பாய்மரக் கயிற்றின் விம்மல், தகரக் கூரையின் நடுக்கம், நங்கூரமிட்ட படகுகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை ஆகியவற்றைத் தனித்தனியே அணுகிப் பதிவு செய்யும் தயாரிப்பாளரே காற்றைக் கேட்கச் செய்ய இயலும். அதற்கு அவ்விடத்தில் நாள்கணக்கில் தங்கும் பொறுமையும், எதைக் கேட்பது என்று சொல்லித்தரும் மீனவரின் துணையும் தேவை.

குரலின் அண்மையும் சேய்மையும் அடுத்த தேர்வு. வானொலியில் அதிகாரத்தை உணர்த்துவது பெரும்பாலும் குரலின் இடம். அலுவலரும் அறிஞரும் எதிரொலியற்ற நிலைய அறையில், ஒலிவாங்கிக்கு மிக அருகிலிருந்து பேசுகின்றனர். மீனவர் திறந்தவெளியில், இரைச்சலுக்கிடையே, சற்றுத் தொலைவிலிருந்து பேசுகிறார். இருவரையும் அடுத்தடுத்து வைத்துத் தொகுக்கும்போது, என்ன சொல்கிறார்கள் என்பதற்கு முன்பே யாரை நம்புவது என்பது கேட்பவரின் செவியில் முடிவாகிவிடுகிறது. நிலையத்தின் அமைதி நடுநிலையானதாகத் தோன்றுகிறது. உண்மையில் அதுவும் ஓர் இடத்தின் ஒலியே.

4. ஓர் ஒப்பீடு: 1960ஆம் ஆண்டின் மீனவர் நிகழ்ச்சி

இச்சிக்கலை நேர்கொண்ட முன்னோடி முயற்சியாக, பி.பி.சி.யில் 1958 முதல் 1964 வரை ஒலிபரப்பான 'வானொலிக் கதைப்பாடல்கள்' என்னும் எட்டு நிகழ்ச்சிகளின் வரிசையைக் குறிப்பிடலாம். இவான் மெக்கால், பெகி சீகர், சார்லஸ் பார்க்கர் ஆகிய மூவர் இவற்றை உருவாக்கினர். அவற்றுள் 1960இல் ஒலிபரப்பான 'சிங்கிங் தி ஃபிஷிங்', பிரித்தானியக் கிழக்குக் கடற்கரையில் ஹெர்ரிங் மீன் பிடிப்போரின் வாழ்வைப் பற்றியது. அவ்வாண்டின் இத்தாலியா பரிசை அது பெற்றது.

அக்காலத்தில் தொழிலாளரின் பேச்சைக் கேட்டு எழுதி, நடிகரைக் கொண்டு படிக்கச் செய்வது வழக்கமாக இருந்தது. இம்மூவரும் அவ்வழக்கத்தை மாற்றி, பதிவு செய்த மூலக் குரல்களையே நிகழ்ச்சியின் முதுகெலும்பாக்கினர். சாம் லார்னர் என்னும் முதிய மீனவரின் பேச்சிலிருந்து சொற்களையும் சொல்லோட்டத்தையும் எடுத்துப் பாடல் கட்டினர். குரலே பாட்டின் நடையைத் தீர்மானித்தது.

ஆயினும் இம்முறையைக் குறையற்றதாகக் கொள்வதற்கில்லை. நாடாவை வெட்டி ஒட்டியவர்கள் மீனவர்கள் அல்லர். எது மிஞ்ச வேண்டும், எது தரையில் விழ வேண்டும் என்பதை மூன்று கலைஞர்களே முடிவு செய்தனர். குரல் மீனவருடையதாகவும் செவி கலைஞருடையதாகவும் இருந்தது. தமிழ்ச் சூழலில் எழ வேண்டிய அடுத்த வினா இதிலிருந்தே பிறக்கிறது: தொகுப்பவரின் செவியும் அந்நிலத்தினுடையதாக இருந்தால் என்ன நிகழும்?

5. 'கடல் ஓசை' திறந்த வாயில்

இந்தியாவில் அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி வழங்கப்பட்டபின், 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி தொடங்கியது. 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் உரிமை விரிவுபடுத்தப்பட்டது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, இராமநாதபுரம் மாவட்டம் பாம்பனில் 2016 ஆகஸ்டு 15 அன்று 'கடல் ஓசை' 90.4 பண்பலை தொடங்கப்பெற்றது. மீனவர்களுக்கென்றே அமைந்த இந்நிலையத்தின் பணியாளர் பலர் மீனவக் குடும்பத்தினர். கடல்வளம், காலநிலை மாற்றம், தொழில் நுணுக்கம் ஆகியன இதன் நிகழ்ச்சிப் பொருள்கள்.

தமிழ் வானொலி வரலாற்றில் இது குறிக்கத்தக்க திருப்பம். மீனவர் இங்கே நேர்காணப்படுபவர் என்னும் நிலையைக் கடந்து நேர்காண்பவராகவும், தொகுப்பவராகவும், நிகழ்ச்சியை அறிவிப்பவராகவும் ஆகின்றார். வட்டார வழக்கு நகைச்சுவைக்குரிய பொருளாகாமல் செய்திக்குரிய மொழியாகிறது. வடசென்னைத் தமிழைப் பெரிதும் கேலிக்கும் கூத்துக்குமே பயன்படுத்தி வந்த நகர ஊடகச் சூழலோடு ஒப்பிட இதன் பெறுமானம் விளங்கும்.

எனினும் கொள்கை வகுத்த எல்லைகளும் உள. 2006ஆம் ஆண்டு விதிகள் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூரில், அம்மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்றும், இயன்றவரை உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் அமைய வேண்டும் என்றும் கூறுகின்றன. மொழியையும் வழக்கையும் நினைத்த விதி, ஒலியை நினைக்கவில்லை. அதனை நினைவூட்டுவது திறனாய்வின் கடமை. ஒரு நிலத்தார் தம் வழக்கில் பேசுவதோடு நின்றுவிட்டால், உரைச்சித்திர மரபு வேறு குரலில் தொடர்வதாகவே அமையும்.

6. எச்சரிக்கையின் குரல்

இவ்வினா அழகியலோடு முடிவதன்று. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில், ஆழ்கடலில் இருந்த தமிழக, கேரள மீனவர்கள் பலர் உயிரிழந்தனர். அவ்விழப்பிற்கு ஒலிபரப்பின் நடையைக் காரணமாக்குவது பிழை. கரையிலிருந்து வெகுதொலைவில் பல நாள் பயணத்தில் இருந்தோரை எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டாமையே அங்கு முதன்மைச் சிக்கல். 100 வாட் ஆற்றலுக்குட்பட்ட சமுதாய வானொலி அத்தொலைவை எட்டுவதும் இயலாது. ஆனால் புறப்படுவதா, தங்குவதா என்னும் முடிவு கரையிலேயே எடுக்கப்படுகிறது. வானொலியின் குரலுக்கு இடமிருப்பது அங்கேதான்.

வழக்கமான எச்சரிக்கை அறிவிப்பு, கடற்பகுதியின் பெயரையும் காற்றின் வேகத்தைக் கிலோமீட்டர் கணக்கிலும், ஏற்றப்பட்ட புயல் கூண்டின் எண்ணையும் நிலைய அறையின் அமைதியிலிருந்து சொல்கிறது. அதன் துல்லியம் இன்றியமையாதது. அதனைக் கைவிட வேண்டுவதில்லை. அதே அறிவிப்பு காசிமேட்டுத் துறையிலிருந்து ஒலித்து, அந்த எண்ணுக்குரிய காற்று எப்பெயருடையது, அது கயிற்றில் எவ்வாறு ஒலிக்கும் என்று பட்டறிவுள்ள மீனவர் ஒருவர் உடன் விளக்குவாரானால், புள்ளிவிவரம் அனுபவத்தோடு இணையும். அலுவலரும் மீனவரும் ஒரே காற்றில், ஒலிவாங்கிக்கு ஒரே தொலைவில் நிற்பர். இது பெருஞ்செலவு கோராத, கேட்கும் முறையை மட்டும் மாற்றக் கோரும் தயாரிப்பு முடிவு.

முடிவுரை

தமிழ் வானொலியின் சாதனை அதன் சொல். அச்சொல்லை நிலத்திலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்தியது அதன் குறை. காசிமேட்டின் ஒலிவெளியைக் கருதிப் பார்க்கையில் மூன்று முடிபுகள் கிடைக்கின்றன. உழைப்புத் தலத்தின் ஒலியை இரைச்சலா, செய்தியா என்று பகுப்பவர் அத்தலத்தின் செவியுடையவராக இருத்தல் வேண்டும். ஒலிவாங்கியின் தொலைவும் தொகுப்பின் வெட்டும் குரல்களுக்கிடையே உயர்வு தாழ்வை உண்டாக்குவதால், அவை உள்ளடக்கத்தைப் போலவே மதிப்பிடப்பட வேண்டும். சமுதாய வானொலியின் வெற்றியை யார் பேசினார் என்பதோடு யார் தொகுத்தார் என்பதையும் கொண்டு அளத்தல் வேண்டும்.

பறையையும் யாழையும் நிலத்தின் கருப்பொருளாக எண்ணிய மரபுக்கு இம்முடிபுகள் புதியன அல்ல. விடியற்காலை ஏலத்தில் ஒரு பெண் எந்த எண்ணுக்குத் தலையசைக்கிறார், எந்த எண்ணுக்கு வாளாவிருக்கிறார் என்பதை விளக்கவுரையின்றிக் கேட்போர் உணருமாறு ஒரு நிகழ்ச்சி அமையுமாயின், நெய்தல் தமிழ் வானொலியில் தன் குரலைப் பெற்றுவிட்டது எனலாம்.